பழைய காரில் பெட்ரோல் வாடையா? எப்போது அடிக்கிறது என்பதை முதலில் பாருங்கள்

திருநெல்வேலிப் பக்கம் இன்னும் நிறைய வீடுகளில் ஒரு மாருதி 800 அல்லது ஆம்னி, தார்சாவை (முன்தாழ்வாரத்தை) ஒட்டிய கார் செட்டில் நிற்கிறது. பிள்ளைகள் சென்னையிலோ துபாயிலோ இருப்பார்கள். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில், ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார், நடுவில் ஒரு கல்யாணம், ஒரு ஆஸ்பத்திரி என்று வண்டி வெளியே வரும். மற்ற நாளெல்லாம் உறைக்குள் கிடக்கும். பெட்ரோல் வாடை அதிகம் பிடிப்பது இப்படிக் கிடக்கிற வண்டிகளில்தான். தினமும் ஓடுகிற வண்டியில் ஓஸ் ரப்பர் பெட்ரோலில் ஊறியபடியே இருக்கும். மாதக்கணக்கில் நிற்கிற வண்டியில் அது உலர்ந்து, சுருங்கி, வெடிப்பு விடும்.

ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டால் பெரும்பாலும் முதல் பேச்சு, "கார்புரேட்டரக் கழத்தி சர்வீஸ் பண்ணிரலாம் அண்ணாச்சி" என்பதாகத்தான் இருக்கும். பெட்ரோலைக் காற்றோடு கலந்து இஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் காரணமாக இருக்கலாம். ஆனால் இருபது வருட வண்டியில் முதல் சந்தேகம் ரப்பர் மீது போக வேண்டும். காரணம் தெரியாமல் கார்புரேட்டரைத் திறந்தால் இரண்டு பாகத்துக்கு நடுவில் கசிவை அடைக்கும் பழைய கேஸ்கட் கிழிந்து, ஒழுகாத இடத்திலும் ஒழுக ஆரம்பிக்கும். அதனால் பானெட்டைத் தூக்குவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி: வாடை எப்போது அடிக்கிறது? காலையில் செட்டைத் திறந்ததுமா, டேங்க் நிரப்பிய அன்றா, ஓட்டி நிறுத்திய பிறகா, ஓடும்போதா? இதற்குச் சரியான பதில் கிடைத்தால் தேட வேண்டிய இடம் பாதிக்கு மேல் குறைந்துவிடும்.

கை வைப்பதற்கு முன்

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போகாது. தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். காற்றில் 1.4 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். பெட்ரோலின் ஃப்ளாஷ் பாயின்ட், அதாவது பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி விட ஆரம்பிக்கும் சூடு, பூஜ்யத்துக்கும் 40 டிகிரி கீழே. நம்மூர் மார்கழிக் குளிரெல்லாம் அதற்கு ஒரு தடையே இல்லை.

வண்டிக்கு அடியில் சொட்டு தெரிந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். நியூட்ரலில் போட்டு வெளியே தள்ளி, காற்றோட்டமான இடத்தில் நிறுத்துங்கள். பேட்டரி கழற்றுவதெல்லாம் அதற்குப் பிறகு. வாடை தூக்கலாக இருக்கும் மூடிய செட்டுக்குள் நின்று பேட்டரி டெர்மினலைப் பிடுங்கினால் அந்தப் பொறியே போதும். வெளியே காற்றாடவிட்டு, முதலில் நெகட்டிவைக் கழற்றுங்கள். பல வீடுகளில் இன்வெர்ட்டர் கார் நிற்கும் இடத்திலேயே இருக்கும். கரண்ட் போய் வரும்போது அதன் ரிலேயில் பொறி தட்டும். அடுத்த சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பங்கரை இருக்கிறதா, மாடத்தில் விளக்கு எரிகிறதா என்பதையும் பாருங்கள். வயரில் தொங்கும் குண்டு பல்பு வேண்டாம். கீழே விழுந்து உடைந்தால் உள்ளிருக்கும் இழையே தீக்குச்சி. எல்.இ.டி. டார்ச் போதும். ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பான் ஒன்று, குறைந்தது 2 கிலோ, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் ஒரு வாளி மணல். தண்ணீர் ஊற்றினால் பெட்ரோல் மேலே மிதந்து தீயை இன்னும் பரப்பும்.

ஒர்க்‌ஷாப் குழிக்குள் இறங்கிப் பார்ப்பவர்கள் கவனிக்க: ஒழுகுகிற வண்டியைக் குழிக்கு மேல் நிறுத்தினால் ஆவி முழுக்க அந்தக் குழிக்குள்தான் இறங்கும். இந்த வேலைக்கு ராம்ப் நல்லது. இல்லையென்றால் ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, திறந்தவெளியில் பாருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது.

அது பெட்ரோல்தானா?

சிரிக்க வேண்டாம், இதிலேயே பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். வயலுக்கு மருந்தடிக்கிற ஸ்ப்ரேயருக்கோ புல்வெட்டும் மெஷினுக்கோ கேனில் பெட்ரோல் வாங்கி டிக்கியில் வைத்துக் கொண்டுவரும் பழக்கம் நம் பக்கம் உண்டு. டூ ஸ்ட்ரோக் ஆயில் கலந்த பெட்ரோல் ஒரு டம்ளர் அளவு மேட்டில் சிந்தினால் போதும். ஆயில் போகாது, வாடையும் பல நாள் போகாது. ஆகவே முதலில் டிக்கி மேட், அதன் அடியில் உள்ள ஃபெல்ட், ஸ்டெப்னி குழி மூன்றையும் வெளியே எடுத்து வெயிலில் போடுங்கள். வாடை மேட்டோடு போய்விட்டால் மேற்கொண்டு தேட வேண்டியதில்லை.

ஆம்னியில் எல்.பி.ஜி. கிட் இருந்தால் வேறு எச்சரிக்கை. அழுகிய முட்டைக்கோசு மாதிரி வாடை அடித்தால் அது கேஸ். சிலிண்டர் வால்வை மூடிவிட்டு கிட் போட்டவரிடம் போக வேண்டும். பெட்ரோல் வாடைதான் என்றாலும் கிட்டுக்கு அதில் பங்கு இருக்கலாம். கிட் பொருத்தும்போது பெட்ரோல் லைனை வெட்டி நடுவில் கரண்டில் திறந்து மூடும் ஒரு சோலனாய்டு வால்வு வைப்பார்கள். அதனால் இரண்டு ஜாயின்ட் கூடுதல். வருடக்கணக்காகக் கேஸிலேயே ஓட்டினால் கார்புரேட்டருக்குள் கேஸ்கட்டெல்லாம் காய்ந்துபோயிருக்கும். என்றைக்காவது பெட்ரோலுக்கு மாற்றிய அன்று எல்லாப் பக்கமும் கசியும்.

வாடை பின்னால் சைலன்சர் பக்கம் மட்டும் அடிக்கிறது, கண் எரிகிறது, மைலேஜும் குறைந்திருக்கிறது என்றால் அது ஒழுக்கு இல்லை. பெட்ரோல் முழுக்க எரியாமல் வெளியே போகிறது. பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி கரி பூசியதுபோல் கறுத்து ஈரமாக இருந்தால் குளிர்ந்த இஞ்சினை ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைக்கும் சோக் திறக்காமல் சிக்கியிருக்கலாம், ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், ஒரு பிளக் அடிக்காமல் இருக்கலாம். அது தனி வேலை.

நேரம் சொல்லும் இடம்

காலையில் செட்டைத் திறந்ததும் வாடை, வண்டி ஸ்டார்ட் ஆகி ஓட ஆரம்பித்ததும் போய்விடுகிறது. இது இறுகிப்போன ஓஸ். குளிர்ந்தால் ரப்பர் சுருங்கிக் கிளிப்புக்குள் தளர்ந்து கசியும். இஞ்சின் சூட்டில் விரிந்து தானாக அடைத்துக்கொள்ளும். ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ச் சேரும்போது வண்டி சூடாகியிருக்கும், மெக்கானிக் ஒன்றுமில்லை என்பார். அவர் மேல் தப்பில்லை. இப்படிப்பட்ட வண்டியை முந்தின நாள் சாயங்காலமே அங்கே விட்டுவிட்டு வந்து, காலையில் முதல் வேலையாகப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

ஃபுல் டேங்க் போட்ட அன்று மட்டும் வாடை, பாதிக்குக் கீழே இறங்கியதும் காணோம் என்றால் டேங்கின் மேல்பகுதி: ஃபில்லர் பைப் ஓஸ், அதனோடு ஓடும், காற்று போய்வரும் சின்ன பிரீதர் ஓஸ், பெட்ரோல் அளவு காட்டும் சென்டர் (sender) யூனிட்டின் கேஸ்கட். பாபநாசத்திலிருந்து காரையாறு ஏறும்போது வாடை, சமதளத்தில் இல்லை என்றாலும் இதே இடம்தான். ஏற்றத்தில் பெட்ரோல் டேங்கின் பின்பக்கம் சாய்ந்து, சாதாரணமாக நனையாத ஜாயின்ட்டையும் நனைக்கிறது. பிரேக் அடிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் குப்பென்று வருவதும் அப்படியே.

ஓட்டி நிறுத்தி பத்து இருபது நிமிடத்தில் பானெட் பக்கம் வாடை. இஞ்சின் நின்றதும் காற்று ஓட்டம் நின்றுவிடும். உள்ளே சூடு குறையாமல் சிறிது நேரம் ஏறும். கார்புரேட்டரில் தேங்கியிருக்கும் பெட்ரோலின் லேசான பகுதி 40 டிகிரியிலேயே ஆவியாக ஆரம்பித்துவிடும். கத்திரி வெயிலில் பாளையங்கோட்டையில் வெளியே இருக்கும் சூடே அதுதான். பழைய கார்புரேட்டர் வண்டியில் இந்த நேரத்தில் இலேசாக வாடை அடிப்பது இயல்பு, அதற்காகச் செலவு செய்ய வேண்டாம். கார்புரேட்டரின் வெளிப்பக்கம் ஈரமாக இருந்தால் மட்டும் அது கோளாறு.

ஓடும்போது மட்டும் வாடை வருகிறதா? புளோயரைப் போட்டு வெளிக்காற்று வரும்படி வைத்துப் பாருங்கள், பிறகு உள்காற்று சுற்றும்படி மாற்றுங்கள். வெளிக்காற்றில் கூடினால் ஒழுக்கு முன்னால், பானெட்டுக்குள். மாற்றம் இல்லாமல் கண்ணாடியை இறக்கினால் கூடுகிறது என்றால் பின்னாலிருந்து இழுக்கிறது. பெட்டி மாதிரி பின்பக்கம் உள்ள வண்டி ஓடும்போது பின்னால் காற்றழுத்தம் குறையும். டிக்கிக் கதவின் ரப்பர் பீடிங் நைந்திருந்தால் அடியில் இருக்கும் டேங்க் வாடையும் சைலன்சர் புகையும் உள்ளே வரும். ஆம்னியில் இந்தச் சோதனைக்கு வேலை குறைவு. இஞ்சினே முன் சீட்டுக்கு அடியில். சீட்டைத் தூக்கி மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் சரியில்லை என்றால் சின்னக் கசிவுகூட நேராக மூக்குக்கு வந்துவிடும்.

ஓஸ்தான் முதலில்

டேங்கிலிருந்து இஞ்சினுக்குப் பெரும்பாலான கார்புரேட்டர் வண்டிகளில் மூன்று வழி: பெட்ரோல் போகிற லைன், மிச்சம் திரும்பி வருகிற ரிட்டர்ன், ஆவி போகிற லைன். நடுவில் இரும்புக் குழாய், இரண்டு முனையிலும் ரப்பர் ஓஸ். டேங்கில் ஆரம்பித்து ஒவ்வொரு ஜாயின்ட்டாகக் கையால் தடவிக்கொண்டே முன்னால் வாருங்கள். இடையில் ஃபில்டரின் இரண்டு பக்கமும் பாருங்கள்.

பெட்ரோல் கசிவைக் கண்ணால் பிடிப்பது கஷ்டம். நம் வெயிலில் கசிந்த வேகத்திலேயே காய்ந்துவிடும். ஈரத்தைத் தேடாமல் தடத்தைத் தேடுங்கள். தூசி படிந்த குழாயில் ஒரு இடம் மட்டும் கழுவிவிட்டதுபோல் சுத்தமாக இருக்கும்; அதன் ஓரத்தில் மஞ்சள் கலந்த பழுப்புக் கறை, தொட்டால் பிசுபிசுப்பு. சந்தேகமான ஜாயின்ட்டைத் துடைத்துக் காயவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரை மெல்லத் தூவுங்கள். ஓடாத இஞ்சினாக இருந்தால் பத்து நிமிடம், ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு நிமிடம். கசியும் இடத்தில் பவுடர் கறுத்து ஒட்டிக்கொள்ளும். பவுடர் இல்லையென்றால் ஜாயின்ட்டில் டிஷ்யூ பேப்பரைச் சுற்றிவிட்டு, பிறகு எடுத்து முகர்ந்து பாருங்கள். ஓடும் இஞ்சினில் பேப்பர் வேண்டாம். பெல்ட்டும் ஃபேனும் இழுத்துக்கொள்ளும்.

ஓஸை முழுக்க வளைத்துப் பாருங்கள். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் வளைக்கும்போது முதுகில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் அதன் காலம் முடிந்தது. நகத்தால் அழுத்தினால் நல்ல ரப்பர் உள்ளே போய்த் திரும்பும். கெட்டது பிளாஸ்டிக்போல் நிற்கும், அல்லது ஜவ்வாக இளகிக் கையில் கறுப்பு ஒட்டும். இந்த இரண்டாவது வகை இப்போது அதிகம் தென்படக் காரணம் எத்தனால். 2023இல் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் விற்பனைக்கு வந்தது, இப்போது பெட்ரோல் பல்க்குகளில் பொதுவாகக் கிடைப்பது அதுதான். பழைய வண்டிகளில் கம்பெனி போட்ட ரப்பர் அந்த அளவு எத்தனாலை மனதில் வைத்துச் செய்ததில்லை. ஊறும்போது உப்பும், வண்டி நின்று காயும்போது சுருங்கும். இப்படி உப்பிச் சுருங்கியே கிளிப்பு பிடிக்கும் இடம் முதலில் போகும்.

எலியை மறக்க வேண்டாம். செட்டுக்குப் பக்கத்தில் வைக்கோல் படப்போ நெல் மூட்டையோ இருந்தால் எலி பானெட்டுக்குள் கூடு கட்டும். ஓஸில் இரண்டிரண்டாகப் பல் தடம், பக்கத்தில் புழுக்கை. அப்படி இருந்தால் பெட்ரோல் ஓஸ் மட்டுமில்லாமல் வயரிங்கும் பார்த்தாக வேண்டும். தோல் கடித்த வயர் ஒருபக்கம், பெட்ரோல் ஒருபக்கம். கார் பற்றி எரிவதற்கு வேறொன்றும் தேவையில்லை.

உவரி, கூடங்குளம், திருச்செந்தூர்க் கரையோர வண்டியாக இருந்தால் இரும்புக் குழாயையும் சந்தேகப்படுங்கள். உப்புக் காற்றில் குழாய் நடுவில் அரிக்காது. அதைத் தளத்தோடு பிடிக்கும் கிளாம்புக்கு உள்ளே மண்ணும் ஈரமும் தங்கி அங்கேதான் அரிக்கும். கிளாம்பைக் கழற்றாமல் தெரியாது. அரித்த இடத்தை மட்டும் வெட்டி ஓஸ் போட்டு இணைப்பதைவிடக் குழாயையே மாற்றுவது நல்லது. சைலன்சருக்குப் பக்கத்தில் ரப்பர் ஓடவே கூடாது.

வாங்கும்போது பழைய ஓஸில் ஒரு துண்டு வெட்டிக் கடைக்குக் கொண்டுபோங்கள். பார்க்க வேண்டியது உள்விட்டம். பெரும்பாலும் 6 முதல் 8 மி.மீ.க்குள் வரும், ஆனால் போகிற லைனும் ரிட்டர்னும் ஒரே அளவாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஓஸின் மேல் எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்7 (SAE J30 R7) என்று அச்சிட்டிருந்தால் கார்புரேட்டர் வண்டிக்குச் சரி. கார்புரேட்டருக்குப் பதிலாக இஞ்செக்டர் வழியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் இஞ்செக்‌ஷன் வண்டிக்கு ஆர்9 வேண்டும். ஆர்9இன் உள்பூச்சு எத்தனாலையும் நன்றாகத் தாங்கும் என்பதால், சில ரூபாய் கூடினாலும் கார்புரேட்டர் வண்டிக்கும் அதையே போடுவது புத்திசாலித்தனம். ஒன்றுமே அச்சிடாத கறுப்பு ஓஸ் ரேடியேட்டர் தண்ணீருக்கானதாகவோ ஏர் லைனுக்கானதாகவோ இருக்கலாம். கொத்தனார் மட்டம் பார்க்கிற லெவல் டியூப் மாதிரியான தெளிவான பிளாஸ்டிக் குழாய் வேண்டவே வேண்டாம். பெட்ரோல் ஓடுவது கண்ணுக்குத் தெரிகிறது என்று சிலர் ஆசையாகப் போடுவார்கள். சில மாதத்தில் குச்சியாக இறுகி, தட்டினால் ஒடியும்.

ஓஸ் குழாயில் 25 மி.மீ. அளவுக்காவது ஏற வேண்டும். குழாய் முனையில் ஒரு புடைப்பு இருக்கும். கிளிப்பு அந்தப் புடைப்பின் மேல் உட்காரக் கூடாது. அதைத் தாண்டி 3 முதல் 5 மி.மீ. உள்ளே. பட்டையில் வெட்டு வெட்டாக ஓட்டை உள்ள கிளிப்பு சின்ன ஓஸுக்கு ஆகாது. முறுக்கும்போது ரப்பர் அந்த வெட்டுக்குள் பிதுங்கி அறுபடும். ஓரம் மடித்த, வழவழப்பான பட்டையுள்ள சின்னக் கிளிப்பு கேளுங்கள். ரப்பர் பட்டையின் விளிம்பு மட்டத்துக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். இன்னும் ஒரு சுற்று முறுக்கினால் பலம் என்று நினைப்பது தப்பு. கட்டுக்கம்பி, சைக்கிள் டியூப், இன்சுலேஷன் டேப், எம்சீல் இதெல்லாம் பெட்ரோல் லைன் பக்கமே வரக் கூடாது.

ஒரு ஓஸ் போயிருந்தால் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுங்கள். அவை எல்லாம் ஒரே வயசு. எல்லா ஓஸும் கிளிப்பும் ஃபில்டரும் சேர்த்தாலும் பெரும்பாலும் ஒரு ஃபுல் டேங்க் பெட்ரோல் காசுக்குள் முடிந்துவிடும்.

டேங்கும் மூடியும்

பல்க்கில் நாசில் தானாகக் கட் ஆன பிறகு "ரவுண்டா போட்ருங்க தம்பி" என்று சொல்கிற பழக்கம்தான் பல வாடைக்கு மூல காரணம். நிலத்தடித் தொட்டியில் இருக்கும் பெட்ரோல் வெயிலில் நிற்கிற உங்கள் டேங்கில் வந்து சூடாகும். 15 டிகிரி ஏறினாலே 30 லிட்டர் பெட்ரோல் 400 மில்லிக்கு மேல் விரியும். கழுத்துவரை நிரப்பியிருந்தால் அந்தக் கூடுதல் ஆவி லைன் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். கார்பன் கேனிஸ்டர் உள்ள வண்டியில் அது ஆவியைப் பிடித்துவைக்கும் டப்பா; திரவமாகப் பெட்ரோல் போனால் கரி ஊறிக் கெட்டுவிடும். கையில் எடுத்துப் பார்த்தால் கனமாக இருக்கும், ஆட்டினால் சளக் என்று கேட்கும். அதைக் காயவைத்து மறுபடி போடுவதில் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். நாசில் கட் ஆனதும் நிறுத்துங்கள், சில்லறை போகட்டும்.

மூடியைத் திறந்து ரப்பர் வளையத்தைப் பாருங்கள். தட்டையாக அமுங்கி நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் மாற்றுங்கள். சாவி போட்ட மூடி வெளியே வாங்கிப் போட்டிருந்தால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சிலவற்றில் காற்றோட்டத் துளை வெறுமனே திறந்திருக்கும், வாடை நேராக வெளியே வரும். சிலவற்றில் துளையே இருக்காது. திறக்கும்போது உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால் டேங்க் மூச்சுவிட வழியில்லை. வெளியே பீய்ச்சினால் ஆவி லைன் அடைத்திருக்கிறது. வெயிலில் நின்ற வண்டியில் மெல்லிய உஸ் பரவாயில்லை.

சென்டர் யூனிட் கேஸ்கட் சில வண்டிகளில் பின் சீட்டைத் தூக்கினால் எட்டும், சிலவற்றில் டேங்கையே இறக்க வேண்டும். இறக்குவதானால் பெட்ரோல் கால் டேங்குக்குக் கீழே இருக்கும்போது செய்யுங்கள். கழற்றிய கார்க் கேஸ்கட்டை மறுபடி போடாதீர்கள். புதுசு போட்டு, ஸ்க்ரூவை வரிசையாகச் சுற்றி முறுக்காமல் எதிரெதிராக முறுக்குங்கள். டேங்க் இறங்கியிருக்கும்போதே அதன் மேல்புறத்தையும், இரும்புப் பட்டை தாங்கும் இடங்களையும் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துத் துரு ஓட்டை பாருங்கள். பிரஷ் போடும்போது டேங்க் கழுவி, தண்ணீர் நிரம்பி இருக்க வேண்டும்.

வழியில் டேங்கில் ஊசித்துளை விழுந்து சொட்டினால் சலவை பார் சோப்பை அழுத்தித் தேய்த்து அடைக்கலாம். சோப்பு பெட்ரோலில் கரையாது. மெல்ல ஓட்டி ஒர்க்‌ஷாப் வந்துசேரும் வரை தாங்கும், அவ்வளவுதான். காலி டேங்கை வெல்டிங்குக்குக் கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் ஆபத்து. உள்ளே ஆவியும் காற்றும் சரியான கலவையில் இருக்கும். கொதிநீரில் திரும்பத் திரும்பக் கழுவி, தண்ணீர் நிரப்பி வைத்துச் செய்யத் தெரிந்தவர் தவிர வேறு யாரும் நெருப்பு காட்டக் கூடாது. வேறு டேங்க் வாங்குவதே மேல்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையில் முங்கிய வண்டிகளில் இன்னொன்று. டேங்குக்குள் தண்ணீர் போயிருந்தால் எத்தனால் அந்தத் தண்ணீரோடு சேர்ந்து அடியில் தனியாகத் தங்கும். உள்பக்கமிருந்து துரு தின்னும். வெளியே பளபளப்பாக இருக்கிற டேங்க் அடியில் கசிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது கார்புரேட்டர்

ஓஸ், டேங்க் இரண்டும் சரி என்று உறுதியான பிறகு இங்கே வாருங்கள். இஞ்சினைச் சூடாக்கி நிறுத்திவிட்டு ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துக் கார்புரேட்டரின் தொண்டைக்குள் பாருங்கள். இஞ்சின் நின்ற பிறகும் உள்ளே நாசிலில் பெட்ரோல் சொட்டிக்கொண்டே இருந்தால் ஓவர்ஃப்ளோ. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கும் அறையான ஃப்ளோட் சேம்பரில் மட்டம் ஏறியிருக்கிறது. அதில் மிதக்கும் ஃப்ளோட் மேலே வந்ததும், ஊசி மாதிரியான நீடில் வால்வு பெட்ரோல் வரும் வழியை அடைக்க வேண்டும்.

காரணம் நான்கு. நீடில் வால்வில் தூசி. நீடில் நுனியில் தேய்மானம். ஃப்ளோட்டுக்குள் பெட்ரோல் புகுந்தது. நான்காவது பலரும் பார்க்காதது, ரிட்டர்ன் லைன் அடைப்பு. ரிட்டர்ன் அடைத்தால் பம்ப்பின் அழுத்தம் முழுக்க நீடில் மேல் விழும், நல்ல நீடிலும் தாங்காது. கார்புரேட்டரைத் திறப்பதற்கு முன் டேங்க் மூடியைத் திறந்துவைத்து, ரிட்டர்ன் ஓஸைக் கழற்றி டயர் பம்பால் மெல்லக் காற்றடியுங்கள். டேங்கில் குமிழி சத்தம் கேட்க வேண்டும்.

தூசி என்றால் ஃப்ளோட் சேம்பரின் பக்கவாட்டில் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் மெல்லத் தட்டினாலே சொட்டு நின்றுவிடும். நின்றால் அது தற்காலிகம்; ஃபில்டரை மாற்றி, சேம்பரைக் கழுவ வேண்டும். எத்தனால் பழைய டேங்கின் அழுக்கை உரித்துக் கொண்டுவரும் என்பதால் ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும். நீடிலைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தால் கூம்பு நுனியைச் சுற்றி மோதிரம் போட்டதுபோல் ஒரு கோடு தெரியும். நகம் அதில் தட்டுப்பட்டால் நீடிலையும் அது உட்காரும் சீட்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் ஒழுக்கு நிற்காது. ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டிப் பாருங்கள், சத்தம் கேட்டால் ஓட்டை. பித்தளை ஃப்ளோட் என்றால் துடைத்துக் காயவிட்டு, அடுப்பிலிருந்து தள்ளி, சுடுநீரில் முக்குங்கள். குமிழி எங்கிருந்து வருகிறதோ அதுதான் துளை.

மேல்மூடி கேஸ்கட்டில் சிலிக்கான் பேஸ்ட் தடவும் மெக்கானிக்கிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள். பெட்ரோலில் அது ஊறி, துணுக்கு துணுக்காகப் பிரிந்து, பெட்ரோல் வரும் நுண்துளையான ஜெட்டை அடைக்கும். கேஸ்கட் போட்டும் கசிந்தால் மூடி வளைந்திருக்கிறது. தட்டையான கண்ணாடி மேல் 400 நம்பர் எமரி ஷீட்டை வைத்து, மூடியை எட்டு போடுவதுபோல் தேய்த்துச் சமப்படுத்தலாம். அழுத்தாமல் தேய்க்க வேண்டும்.

இஞ்சின் ஓட்டத்தில் அடிக்கும் பழைய பெட்ரோல் பம்ப்பில் பெட்ரோலைத் தள்ளும் சவ்வான டயாஃப்ரம் கிழிந்தால் இரண்டு வழியில் தெரியும். ஒன்று, பம்ப் உடலில் இருக்கும் சின்னத் துளையில் சொட்டும். இன்னொன்று மோசமானது: பெட்ரோல் இஞ்சின் ஆயிலுக்குள் இறங்கும். ஆயில் கேஜை உருவிப் பாருங்கள். யாரும் ஊற்றாமலே மட்டம் மேல் கோட்டைத் தாண்டியிருந்தால், ஆயில் தண்ணியாக ஓடினால், முகர்ந்ததும் பெட்ரோல் அடித்தால், அந்த நிமிடத்திலிருந்து வண்டியை ஓட்டாதீர்கள். செய்தித்தாளில் ஒரு சொட்டு விட்டாலும் தெரியும். ஆயில் நடுவில் நிற்க, மெல்லிய வளையமாக ஒன்று வேகமாகச் சுற்றிப் பரவும். பம்ப்போடு ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாற்ற வேண்டும். பம்ப்பை மட்டும் மாற்றிவிட்டு அந்த ஆயிலிலேயே ஓட்டினால் பேரிங் தேயும்.

இஞ்செக்‌ஷன் வண்டி

பிந்தைய 800, சான்ட்ரோ, வேகன் ஆர் போன்றவற்றில் பம்ப் டேங்குக்குள் இருக்கும், லைனில் அழுத்தம் சுமார் 3 பார். இங்கே கசிவு சொட்டாது, பீய்ச்சும். இஞ்சின் ஓடும்போது பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கி, அது தானாக நிற்கும்வரை விட்டு, பிறகுதான் ஜாயின்ட்டில் கைவைக்க வேண்டும். அப்போதும் துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள்.

சோதிப்பது எளிது. ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆனில் வையுங்கள். பம்ப் இரண்டு மூன்று விநாடி ஓடி நிற்கும். மூன்று நான்கு முறை இப்படிச் செய்தால் லைனில் அழுத்தம் ஏறும், இஞ்சின் சூடும் சத்தமும் இல்லாமல் கசிவைத் தேடலாம். இஞ்செக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துத் தரும் குழாயான ஃப்யூவல் ரெயிலில், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் இருக்கும் வண்டியில் அதன் வாக்குவம் ஓஸை உருவிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டர் போய்விட்டது. இஞ்செக்டர் அடியில் ஈரம் என்றால் அதைச் சுற்றியுள்ள ரப்பர் வளையமான ஓ-ரிங். எல்லா இஞ்செக்டருக்கும் சேர்த்தே மாற்றி, மாட்டும்போது ஒரு துளி இஞ்சின் ஆயில் தடவுங்கள். தடவாமல் காய்ந்தபடியே மாட்டினால் ஓ-ரிங் அறுபடும், புதுசே ஒழுகும்.

வேலை முடிந்தபின்

ஒழுக்கு நின்றுவிட்டது என்று அங்கேயே முடிவு செய்யாதீர்கள். 15 நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, 20 நிமிடம் கழித்து பவுடர் தூவிய ஜாயின்ட்டெல்லாம் பாருங்கள். மறுநாள் காலை குளிர்ந்த இஞ்சினில் ஒருமுறை. டேங்க் நிரப்பிய அன்று ஒருமுறை. புது ரப்பர் முதல் சூட்டில் கொஞ்சம் அமுங்கும் என்பதால் ஒரு வாரத்தில் கிளிப்பு ஒவ்வொன்றையும் ஸ்க்ரூடிரைவரால் தொட்டுப் பார்த்து, தளர்ந்திருந்தால் மட்டும் கால் சுற்று. சீட்டில் ஊறிய வாடை உடனே போகாது. கதவைத் திறந்து வெயிலில் விடுங்கள். அதற்காக சென்ட் டப்பா வாங்கி மாட்டினால் அடுத்த கசிவை மூக்கு கண்டுபிடிக்காது.

டேங்கிலிருந்து இறக்கிய பெட்ரோலைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். ஆவி சாக்கடை வழியாக அடுத்த வீடுவரை போகும். மூடி போட்ட இரும்புக் கேனில் வைத்து, தெளிந்ததும் அடியில் தண்ணீர் பிரிந்து நிற்கிறதா பாருங்கள். பிரியாமல், நிறம் அடர்ந்து வார்னிஷ் வாடை அடிக்காமல் இருந்தால், துணியில் வடிகட்டி, ஒரு பங்குக்கு நாலைந்து பங்கு புதுப் பெட்ரோல் கலந்து ஓட்டித் தீர்த்துவிடலாம். தண்ணீர் பிரிந்திருந்தால் அது எந்த இஞ்சினுக்கும் உதவாது. ஒர்க்‌ஷாப்பில் கழிவு ஆயில் எடுக்க வருபவரிடம், உள்ளே இருப்பது பெட்ரோல் என்று சொல்லி, ஆயிலோடு கலக்காமல் தனிக் கேனில் கொடுங்கள்.